மூன்று காதுகளுக்கு ஒரு ரிசீவர்

கடையின் பின்னறையில் கிடந்த சோபா படுக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். ஷர்மிளா தொலைபேசியில் சொன்னாள். நான் ஓய்வுபெற்றபின் என் மேசையில் உட்கார்ந்து பழைய ரிசீவர்களைப் பழுதுபார்ப்பவள் அவள்தான்.

"அந்த இடத்துல பார்சல் ரேக் வச்சாச்சு அங்கிள். இப்பல்லாம் யாரும் வந்து படுத்துப் பாக்கறதில்ல. போனுல போட்டோ பாத்து ஆர்டர் போட்டுடறாங்க."

"அதுல ஸ்பிரிங் எத்தனை உடைஞ்சிருந்துச்சு தெரியுமா?"

"மூணு. நீங்க ஆயிரம் தடவை சொல்லிட்டீங்க."

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். படுக்கையறைக்குப் பழைய ஸ்டீரியோ ரிசீவர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தமிழில் பத்துக் குறிப்புகள் வேண்டும், கடையின் இணையப் பக்கத்தில் போடவேண்டும் என்றாள். எழுத உட்கார்ந்தேன். பத்தில் நிற்கவில்லை, இருபத்திரண்டு ஆனது. சூடு, எடை, எறும்பு, ஈரப்பதம், மின்கம்பியின் நீளம், அலமாரி உடைந்து விழுந்தால் கட்டிலுக்கும் அதற்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் எழுதினேன். ஷர்மிளா படித்துவிட்டு, "இதைப் படிச்சா யாரும் வாங்க மாட்டாங்க லா அங்கிள். பெட்ரூம்லயே தூங்க மாட்டாங்க" என்றாள்.

ஆகவே குறிப்புகளை விட்டுவிட்டு, அந்தச் சோபா படுக்கையில் நான் படுத்த கதையை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசீவர் என்றால் தொலைபேசியின் கைப்பிடி அல்ல. என் மைத்துனியே பல ஆண்டுகள் நான் தொலைபேசிக் கைப்பிடி விற்று வீடு வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். வானொலியும் ஆம்பிளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது ரிசீவர். இரண்டு ஸ்பீக்கர்களை மாட்டினால் வேலை முடிந்தது. இளைஞர்கள் அவற்றைத் தேடி அலைகிற காலம் இது. அவர்களின் அப்பாக்கள் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன அதே பெட்டிகள்தான்.

என் படிப்பையும் பயிற்சியையும் ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படித்தேன். காலாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளில் ஈயம் பற்றவைத்தேன். தொழிற்சாலை மூடியதும் வீடு வீடாகப் போய்த் தொலைக்காட்சி பழுதுபார்த்தேன். எங்கே போனாலும் கழற்றிய திருகாணிகளை எண்ணி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன். ஒன்று குறைந்தால் வீட்டுக்காரர்களை எழுப்பிவிட்டு நாற்காலிக்கு அடியில் தேடுவேன். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் மிஸ்டர் கோ என்னை வேலைக்கு எடுத்தார் என்று நினைக்கிறேன்.

அவர் கடை, சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்தளத்தில் இருந்தது. கீழே மளிகைக்கடை. பெருங்காய வாசனை மரப்படியேறி எங்கள் கடைக்குள் வந்துவிடும். வாடிக்கையாளர்கள் பெட்டிக்குள் ஏதோ எரிகிறது என்று பதறுவார்கள். நானும் பதறுவேன். மிஸ்டர் கோ ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "சாம்பார்" என்பார்.

மெலிந்த மனிதர். அரைக்கால் சட்டை. காலையில் முதல் ரிசீவர் பல்பு சோதனையில் தேறும்வரை யாரிடமும் பேசமாட்டார். அந்தச் சோதனையை அவரிடம்தான் கற்றேன். பல வருடம் சும்மா கிடந்த பெட்டியை நேராக மின்சாரத்தில் செருகக்கூடாது. நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் வழியாகத்தான் மின்சாரம் போகவேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் பெட்டி பிழைத்தது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மிஸ்டர் கோ கைகட்டி நின்று பல்பைப் பார்ப்பார். மங்கியதும் "ஓகே, குட் மார்னிங்" என்பார். எனக்கா, ரிசீவருக்கா என்று கடைசிவரை தெரியவில்லை.

அதன்பிறகு பாட்டு போடமாட்டார். பாட்டே போடாமல் காதை ஸ்பீக்கரில் ஒட்டி 'உம்ம்' என்ற முனகல் இருக்கிறதா என்று கேட்பார். ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகி, கரகரப்பு வருகிறதா என்று பார்ப்பார். மோனோ ஸ்விட்சைத் தட்டுவார். பேலன்ஸ் குமிழை இடதுபக்கம் தள்ளி, வலதுபக்கம் தள்ளிப் பார்ப்பார். கடைசியில் புறங்கையைப் பெட்டியின் தலையில் வைப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஒலியளவுக்கு எங்கள் கடையில் தனிக் கணக்கு இருந்தது. ஒலிக்குமிழைக் கடிகாரமாக வைத்துக்கொள்வோம். முழுக்க மூடியிருந்தால் ஏழு மணி. அங்கிருந்து வலப்பக்கமாகத் திருகினால் எட்டு, ஒன்பது, உச்சியில் பன்னிரண்டு. எட்டு மணி என்றால் காதோடு பேசுகிற அளவு. ஒன்பது மணி கூடத்துக்குப் போதும். பன்னிரண்டு மணிக்கு அண்டைவீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதற்கு மேல் போனால் அடுத்த அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஆள் வரும். வாடிக்கையாளர்களும் எங்களோடு பழகி, என்னிடம் "அந்தோணி, நான் ஒம்பதரை மணிக்கே கேட்டுக்கறேன்" என்று பேசக் கற்றிருந்தார்கள்.

படுக்கையறைக்கு ரிசீவர் கேட்டு வந்தால் மிஸ்டர் கோ ஒரே கேள்விதான் கேட்பார். கட்டில் எங்கே? பதில் சொன்னதும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பின்னறைக்குக் கூட்டிப்போய், சோபா படுக்கையை விரித்துக் காட்டுவார். படுத்துக் கேட்கப்போகிற பெட்டியை நின்றுகொண்டு தேர்ந்தெடுப்பது முட்டாள்தனம் என்பது அவர் கொள்கை. வழக்கறிஞர்கள், தாதியர், ஒரு பள்ளி முதல்வர் என்று எல்லாரையும் படுக்கவைத்திருக்கிறார். தமிழர்கள் வந்தால் தமிழிலேயே சொல்லவேண்டும் என்று என்னிடம் ஒரே ஒரு சொல்லைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்: "படு." மரியாதைக்கு "படுங்க" என்று நான் திருத்தினேன். இரண்டு நாளில் "ங்க" உதிர்ந்துவிட்டது. எழுபது வயது முதியவரிடம் கை நீட்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் எதோடும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வையும் சேர்த்து, "படு லா" என்பார். நான் நடுவில் புகுந்து மன்னிப்புக் கேட்பேன்.

இனி சூசை அண்ணனுக்கு வருகிறேன்.

அவர் துறைமுகக் கிடங்கில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், எங்கள் ஆலயப் பங்கைச் சேர்ந்தவர். சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். உட்லண்ட்ஸ் வீட்டில் கட்டில் பக்கத்திலேயே ஒரு பழைய ரிசீவர் வைத்திருந்தார். தமிழ்ப் பாட்டு போட்டுக்கொண்டுதான் தூங்குவார். அந்தப் பெட்டியை ஐந்து முறை நான் பிழைக்கவைத்தேன். ஆறாவது முறை அதன் டிரான்ஸ்ஃபார்மர் கருகியே வந்தது.

ரெஜினா, இரவுப் பணித் தாதியாக முப்பது வருடம் இருந்தவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. பொங்கோலில் தனியாக இருந்தார். அடுத்த அறையில் கரண்டி விழுந்தால் எழுந்து உட்காருகிற தூக்கம். இருவருக்கும் ஆலயப் பாடகர் குழுவில் பழக்கமாகி, அறுபதைத் தாண்டிய வயதில் கல்யாணம் செய்துகொள்ள முடிவுசெய்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் அறிவிப்பார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம், இருவரும் கடைக்கு வந்தார்கள்.

படியேறி வந்ததும் ரெஜினா என்னிடம்தான் முதலில் பேசினார்.

"அந்தோணி அண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டுலதான் இருக்கப்போறோம். இவரு தினம் ரெண்டு மணிக்கு வச்சுத்தான் தூங்குவாராம். இத நேத்துதான் சொல்றாரு."

"பழக்கம் அது, ரெஜி" என்றார் சூசை அண்ணன்.

"விடியக்காலை ரெண்டு மணி வரைக்கும் எவ பேய் மாதிரி முழிச்சிருப்பா? நான் முப்பது வருஷம் ராத்திரி முழிச்சவ. இனிமே தூங்கறதுக்குத்தான் பென்ஷன்."

எனக்குப் புரிந்துவிட்டது. மேசையில் மெல்லப் பாடிக்கொண்டிருந்த ஒரு ரிசீவரின் குமிழைக் காட்டி, கடைக் கணக்கை விளக்கினேன். ரெண்டு மணி என்றால் நேரமில்லை, சத்தத்தின் அளவு. ரெஜினா முகம் மலர்ந்தது. "அட, அவ்வளவுதானா?" என்று தானே குமிழைப் பிடித்து, பன்னிரண்டைத் தாண்டி இரண்டில் வைத்தார். நல்ல வேளை, அதில் பாட்டுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அடுத்த பாட்டு தொடங்கியது. கீழே மளிகைக்கடைக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார்.

ரெஜினா அணைத்துவிட்டுச் சொன்னார்: "விடியிற வரைக்கும் முழிச்சிருக்கறதே தேவலாம்."

மிஸ்டர் கோ மூன்று ரிசீவர்களை எடுத்து வைத்தார். மூன்றுமே பல்பில் தேறியவை. அதற்குமுன் சூசை அண்ணனிடம் ஆங்கிலத்தில், ஒரு காது உள்ளவருக்கு ஸ்டீரியோ எதற்கு என்று கேட்டார். அவர் குரலில் கிண்டல் இல்லை, அது தொழில் சந்தேகம். சூசை அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரு படுக்கறோம், மூணு காது இருக்குன்னு சொல்லு அவருகிட்ட."

சொன்னேன். மிஸ்டர் கோ தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

முதல் ரிசீவர் வெள்ளி நிறம், தூக்க இரண்டு பேர் வேண்டும். முகப்பில் பதினொரு குமிழ், பதினேழு ஸ்விட்ச். போட்டதும் டயல் முழுக்க நீல வெளிச்சம் ஓடி, இரண்டு மீட்டர் முட்கள் துள்ளின. சூசை அண்ணன் வாயைத் திறந்து நின்றார். நானும்தான், மறைப்பதற்கென்ன. அதைப் போடும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அப்படியே அது அலமாரியோடு கீழே வருகிற காட்சியும் தோன்றும்.

"ஐசியூ மாதிரி இருக்கு" என்றார் ரெஜினா. "இது பக்கத்துல படுத்தா, எழுந்து யாருக்காச்சும் பிரஷர் பாக்கத் தோணும்."

மிஸ்டர் கோ புறங்கையை வைத்துப் பார்த்து, சின்ன அறைக்கு இந்தச் சூடு ஆகாது என்றார். முதலாவது போனது.

இரண்டாவது, ஜப்பான்காரர்கள் தங்கள் ஊருக்கு மட்டும் செய்தது. அழகாக, ஒல்லியாக, முனகலே இல்லாமல் இருந்தது. சூசை அண்ணன் முள்ளை வலதுபக்கம் ஓட்டிக்கொண்டே போனார். முள் கோடியில் முட்டி நின்றது.

"தமிழ் எங்கப்பா?"

"இல்லண்ணே. ஜப்பான்ல பழைய செட்டுங்க எஃப்எம் தொண்ணூறு மெகாஹெர்ட்ஸோட முடிஞ்சிடும். நம்ம ஸ்டேஷன் அதுக்கு மேல. வோல்டேஜும் நூறுதான், தனியா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கணும். நம்ம ஊர் கரண்டுல நேரா சொருகினா..." என்று தொடங்கி, வரக்கூடிய தீயைப் பற்றி விரிவாகச் சொன்னேன்.

ரெஜினா அதையெல்லாம் கேட்கவில்லை. "அப்ப இதுல தமிழ்ப் பாட்டே வராதா?"

"வராதும்மா."

"இதையே எடுத்துக்கலாம்."

சூசை அண்ணன் முள்ளை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "பாட்டில்லாம எனக்குத் தூக்கம் வராது, ரெஜி. பதினோரு வருஷமா தனியா கிடந்த வீட்டுல அது ஒண்ணுதான் சத்தம்" என்றார். ரெஜினா கைப்பையின் வாரைச் சுருட்டினார். அதில் நான்கு சுற்று விழுந்தது.

மூன்றாவது ரிசீவர்தான் நான் மனதுக்குள் நினைத்திருந்தது. மரப்பெட்டி. நடுத்தர எடை, ஒரு ஆள் தூக்கலாம். பெரிய சக்தி கிடையாது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இருபது வாட்ஸ். படுக்கையறைக்கு அதுவே அதிகம். டயலில் மஞ்சள் வெளிச்சம், திரிவிளக்கைக் குறைத்து வைத்ததுபோல. சத்தம் குறைவாக இருக்கும்போது பாட்டு மெலிந்துபோகாமல் அடித்தொண்டையைத் தூக்கிக் கொடுக்கும் 'லவுட்னஸ்' ஸ்விட்ச் உண்டு. மோனோ உண்டு. பேலன்ஸ் குமிழ் உண்டு.

"இது பரவாயில்ல" என்றார் ரெஜினா, வெளிச்சத்தைப் பார்த்து. "ஆனா பெட்டி அழகா இருந்து என்ன? இதையும் ரெண்டு மணிக்குத்தானே வைப்பாரு?"

சூசை அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே, "அதுக்குக் கம்மியா வச்சா எனக்கு விழலைங்கறேன்ல" என்றார்.

மிஸ்டர் கோவுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் இருவரும் நின்றுகொண்டு பேசுகிறார்கள் என்பது புரிந்தது. அதுதான் கோளாறு என்று முடிவுசெய்தார். பின்னறைத் திரையை விலக்கிச் சோபா படுக்கையை விரித்தார். இரண்டு தலையணை போட்டார். ரெஜினாவைப் பார்த்துக் கை நீட்டினார்.

"படு."

ரெஜினா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"அண்ணே, யாரு இவரு?"

"முதலாளிம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. செட்டைப் படுத்துக் கேட்டுப் பாக்கணும், அவ்வளவுதான். எல்லாரும் படுத்திருக்காங்க. பள்ளிக்கூடத்து முதல்வர்கூட..."

"மூணாவது ஓலையே இன்னும் வாசிக்கல. கடைக்குள்ள, இவரோட, சோபாவுல படுக்கறதா? பங்குல ஒருத்தர் படியேறி வந்தா நாளைக்கு ஃபாதர் தடை உண்டான்னு கேக்கறப்ப பாதி கோயில் கை தூக்கும்."

அது உண்மைதான். எங்கள் பங்கில் வாரம் ஒருவராவது தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வந்து கடைக்குள் எட்டிப்பார்ப்பார்கள். நான் ஓடிப்போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். யாருமில்லை. ஆனால் சோதிக்காமல் பெட்டியை விற்க மிஸ்டர் கோ சம்மதிக்கமாட்டார். படுக்க ரெஜினா சம்மதிக்கமாட்டார். அந்தப் பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்ததுதான் அது: "உங்களுக்குப் பதிலா நான் படுக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபா அருகே போனேன். அங்கே போனபின்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது.

"யாரு எந்தப் பக்கம்?"

சூசை அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். ரெஜினாவும் அதே மின்விசிறியைப் பார்த்தார். இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருந்துக்கு எத்தனை பேர், எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் என்றெல்லாம் பேசியிருந்தார்கள். இதை எப்படிப் பேசுவார்கள்?

"ஸ்பீக்கர் எந்தப் பக்கம் வரும்னு பாக்கணும்மா. டெக்னிக்கலா கேக்கறேன்."

"நான் கதவுப் பக்கம்" என்றார் ரெஜினா மெதுவாக. "யாராச்சும் கூப்பிட்டா எழுந்து போகணும்ல. அப்படியே பழகிட்டேன்."

அவர் அறையில், மல்லாந்து படுத்தால் கதவு வலப்பக்கம். ஆகவே நான் ரெஜினாவாக வலப்பக்கம் படுத்தேன். உடைந்த ஸ்பிரிங் மூன்றும் அந்தப் பக்கம்தான். சூசை அண்ணன் இடப்பக்கம் படுத்தார். தூங்குவது போலவே செய்யுங்கள் என்று மிஸ்டர் கோ சொல்ல, அவர் புரண்டு என் பக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூச்சு என் மூக்கில் பட்டது. ஏலக்காய் போட்ட தேநீர் குடித்திருந்தார். ரெஜினா ரிசீவர் அருகே நின்று குமிழைப் பிடித்தார். குமிழ் நகரும்போதெல்லாம் நான் சூசை அண்ணன் தோளைத் தட்டவேண்டும் என்று ஏற்பாடு.

"எட்டு மணி. கேக்குதா?"

"கேக்கல."

"ஒம்பது."

"ம்ஹும்."

"பத்து. என்னங்க, எனக்கே காது அடைக்குது."

"கேக்கல லா. நீ போட்டியா இல்லையா?"

பன்னிரண்டில் மேசைமேலிருந்த கண்ணாடிக் கோப்பை நடுங்கத் தொடங்கியது. இரண்டு மணியில் சூசை அண்ணன் கண்ணைத் திறக்காமல் புன்னகைத்தார். "ஆங். இதான் அளவு." கீழே கம்பு மறுபடி கூரையைத் தட்டியது.

ரெஜினா அணைத்தார். அந்த அமைதியில் அவர் குரல் மிகத் தெளிவாக இருந்தது.

"அந்தோணி அண்ணே, நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிடறேன். இவரு நல்லவருதான். ஆனா தூக்கமில்லாம என்னால திரும்ப முப்பது வருஷம் இருக்க முடியாது."

சூசை அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டார்: "என்ன சொல்றா?"

அவ்வளவு பக்கத்தில் நின்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ஏன் என்று நான் பார்த்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் முகம். மேலே தெரிந்தது இடது காது. கேட்காத காது. வலது காதைக் காணவில்லை.

"அண்ணே, உங்க நல்ல காது எங்கண்ணே?" என்று கத்தினேன்.

"இங்கதான் இருக்கு." தொட்டுக் காட்டக் கையைக் கொண்டுபோனார். தலையணையில் முட்டியது. அவர் கண் திறந்தது. "உள்ள இருக்கு."

மிஸ்டர் கோ என்னிடம் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு வெளியறைக்குப் போய்விட்டார். தோள் குலுங்குவது திரைக்குப் பின்னால் தெரிந்தது.

உட்லண்ட்ஸில் சூசை அண்ணன் கட்டிலின் இடப்பக்கம் சுவர். சுவரைப் பார்த்துப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, பதினோரு வருடமாக வலப்பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறார். கேட்கிற ஒரே காதைத் தலையணைக்குள் புதைத்துவிட்டு, பாட்டு கேட்கவில்லையே என்று குமிழைத் திருகித் திருகி இரண்டு மணிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவருக்காக அந்தப் பழைய பெட்டியின் சக்தியைக் கூட்ட நானும் ஐந்து தடவை மண்டையை உடைத்திருக்கிறேன்.

"அப்ப இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குங்க" என்றார் ரெஜினா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர் இடப்பக்கம் புரண்டார். நல்ல காது மேலே வந்தது. எனக்கு அவர் முதுகு வந்தது.

ரெஜினா அந்த முதுகைச் சற்று நேரம் பார்த்தார். "தினமும் முதுகைத்தான் பாத்துட்டுத் தூங்கணுமா நான்?"

"இடம் மாறிக்கலாம்மா" என்றேன். "அவரு வலப்பக்கம் வந்துட்டா, இடப்பக்கம் திரும்பினாலும் உங்களைப் பாத்துத்தான் படுப்பாரு. நல்ல காது மேல இருக்கும்."

சொல்லிவிட்டு அவர்மேல் ஏறித் தாண்டி அந்தப் பக்கம் போனேன். அவர் என் இடத்துக்கு உருண்டார். ஸ்பிரிங் குத்தி "ஐயோ" என்றார். மோனோ ஸ்விட்சைப் போடச் சொன்னேன், அப்போதுதான் இரண்டு பக்கத்துப் பாட்டும் ஒரே ஸ்பீக்கரில் முழுதாக வரும். பேலன்ஸை அவர் பக்கமே தள்ளச் சொன்னேன். லவுட்னஸையும் போடச் சொன்னேன். ரெஜினா குமிழை ஏழிலிருந்து மெல்ல நகர்த்தினார். எட்டு மணியைத் தொட்டதும் சூசை அண்ணன் கையைத் தூக்கினார்.

"போதும். இவ்வளவு பக்கத்துல யாருப்பா பாடறது?"

நான் இப்போது ரெஜினாவின் இடத்தில், இடப்பக்கம், படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது போலிருந்தது. சொன்னேன். ஆனால் ரெஜினா என்னைப் பார்க்கவில்லை.

"கதவுப் பக்கம் என் பக்கம்" என்றார். "அதை விட்டுட்டா, கூப்பிட்டா எப்படி எழுந்து போவேன்?"

"யாரு ரெஜி கூப்பிடப் போறா?" என்றார் சூசை அண்ணன், படுத்தபடியே. "கூப்பிட்டா நான் கூப்பிடணும். நான் பக்கத்துலதானே கிடப்பேன்."

ரெஜினா குமிழிலிருந்து கையை எடுத்தார். கைப்பையின் வாரைப் பிரித்துத் தோளில் மாட்டினார். போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

"எட்டு மணி" என்றார். "எட்டேகால் ஆச்சுன்னா பிளக்கைப் பிடுங்கிடுவேன்."

மறுநாள் பூசையில் ஃபாதர் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டு நிறுத்தியபோது நான் ஒவ்வொரு வரிசையாகத் தலைகளைப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. ரிசீவரைப் பொங்கோலுக்கு நானே கொண்டுபோய் மாட்டினேன். மேலே காற்றுக்கு ஒரு சாண் இடம் விட்டேன். எட்டு மணிக்கு நேராக, ரெஜினாவின் நகப்பூச்சு வாங்கிச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரெஜினா தொலைபேசியில் அழைத்து, டயல் விளக்கு எரியவில்லை என்றார். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. புது பல்பு, நானே போட்டது, தினம் ஒரு மணி நேரம் எரிந்தால் பல வருடம் வரவேண்டும். வோல்டேஜ் ஏறியிருக்குமோ, டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறோ என்று ரயிலில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தபடி போனேன்.

பெட்டியைத் திறந்து அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பல்பு அதிக நேரம் எரிந்துதான் ஆயுள் முடிந்திருந்தது. குமிழைப் பார்த்தேன். சிவப்புப் பொட்டில் இல்லை.

"எத்தனை மணில வைக்கறீங்கம்மா?"

"ஏழு" என்றார் ரெஜினா.

"ஏழுன்னா மூடி இருக்குமே. சத்தமே வராதே."

"சத்தம் எதுக்குண்ணே? லைட்டு மட்டும் போட்டுக்குவோம். பாட்டெல்லாம் காலைல துணி மடிக்கிறப்ப. ராத்திரிதான் இவரு காது மேல இருக்கே, நான் பேசறேன்."

சூசை அண்ணன் சோபாவில் செய்தித்தாளை இறக்கிவிட்டுச் சொன்னார்: "நல்லா கேக்குது அந்தோணி. ஒரு வார்த்தை தப்பல."

பல்பின் ஆயுளைக் கணக்குப் போட எனக்கு நேரம் தெரியவேண்டும். எதுவரை எரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு மணி" என்றார் ரெஜினா.

"குமிழ்லயா, கடிகாரத்துலயா?"

"கடியாரத்துலதான்" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்து.

இரண்டு பல்பு கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.